சாவி கொடுக்கும் முன்

நல்ல நாள் பார்த்து மோட்டார் வண்டி விற்கும் கடைக்குப் போனால், ஏதோ கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரியே இருக்கும். புது வண்டிக்கு ரோஜா மாலை. நான்கு சக்கரங்களுக்கடியிலும் நான்கு எலுமிச்சம்பழங்கள். தேங்காய், கற்பூரம், சந்தனம், குங்குமம். குடும்பத்தில் மூத்தவரை முன்னால் நிறுத்துவார்கள். கடைக்காரர், விரல் நீளமுள்ள உண்மைச் சாவியோடு, அட்டையில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றையும் படம் பிடிப்பதற்காகக் கையில் கொடுப்பார். பாட்டி திருஷ்டி கழிப்பாள். குழந்தைகள் ஆரனை அடித்துப் பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில், ‘வண்டியின் காகிதங்கள் எங்கே? யார் பெயரில், எந்தத் தேதியில் இருக்கின்றன?’ என்று கேட்பவன் அபசகுனம் பிடித்தவன்.

இந்த வாரம் அந்த அபசகுனம் பிடித்தவன் பக்கத்தில் நின்றுகொண்டு சில வார்த்தைகள் சொல்லலாம் என்றிருக்கிறேன். மோட்டார் விற்கும் வியாபாரிக்கு வரக்கூடிய ஜவாப்தாரிகள் என்ன, அவற்றை அவர் எப்படிக் குறைத்துக்கொள்ளலாம் என்பதே விஷயம். “நாங்கள் வாங்குகிறவர்கள்; விற்கிறவருடைய கவலை எங்களுக்கு எதற்கு?” என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கடையில் ஒரு காகிதம் தூங்கினால் அதன் பலனில் பாதி வாங்கினவருடைய வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அதுவுமன்றி, நம்மில் எத்தனையோ பேருடைய பிள்ளைகளும் மருமகப் பிள்ளைகளும் அத்தகைய கடைகளிலேதான் உத்தியோகம் பார்க்கிறார்கள். நான் படித்த வழக்குகளிலெல்லாம் முடிச்சு ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கிறது. சாவி முன்னால் போய்விட்டது, காகிதமோ, சொல்லவேண்டிய உண்மையோ பின்னால் வந்தது, அல்லது வரவேயில்லை.

வியாபாரிகளில் ஒரு சாரார் இதற்கெல்லாம் ஒரு மருந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். விற்பனைப் பத்திரத்தின் பின்புறத்தில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ‘எங்களுக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லை’ என்று அச்சடித்துவிடுவதுதான் அது. இந்த மருந்து வேலை செய்யாது என்பது அமெரிக்காவில் வெகு காலத்துக்கு முன்பே தெரிந்துபோன சங்கதி.

1955-ம் வருஷம் மே மாதத்தில், அந்நாட்டில் நியூ ஜெர்ஸி மாகாணத்திலே ஒரு கிருஹஸ்தர் தம் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாகப் பிளிமத் கார் ஒன்றை வாங்கினார். இரண்டு வாரங்கூட ஆகவில்லை. அந்த அம்மாள் சாதாரண வேகத்தில் ஓட்டிக்கொண்டு போகையில், வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஏதோ முறிந்தது போன்ற சத்தம் கேட்டது. கையிலிருந்த ஸ்டியரிங் தானாகச் சுழன்றது. வண்டி சாலையை விட்டு விலகிச் சுவரில் போய் மோதிற்று. கடைக்காரரும், தயாரித்த கிரைஸ்லர் கம்பெனியாரும் பத்திரத்தின் பின்புறத்தைக் காட்டினார்கள். 90 நாள் அல்லது 4,000 மைல், அதற்குள் பழுதான பாகத்தை மாற்றித் தருவோம், அவ்வளவுதான், வேறு பொறுப்பு எதுவும் இல்லை என்று அதில் அச்சாகியிருந்தது. 1960-ல் அந்த மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எல்லா மோட்டார்க் கம்பெனிகளும் ஒரே மாதிரிப் பத்திரத்தை நீட்டும்போது, வாங்குகிறவன் எங்கே போய்ப் பேரம் பேசுவான் என்று நீதிபதிகள் கேட்டார்கள். தயாரித்தவர், விற்றவர் இருவருமே பொறுப்பாளிகள் என்று தீர்ப்பாயிற்று. நான்கு வருஷங்களுக்குப் பின்னர், 1964-ல், காலிபோர்னியாவில் பிரேக் பழுதான ஒரு போர்டு கார் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கடைக்காரர் தம்மிடம் கவனக் குறைவு இல்லையென்று நிரூபித்தால்கூடத் தப்ப முடியாது என்று சொல்லிவிட்டது.

நமது தேசத்துச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளைத் தயாரிக்காமல் விற்கிறவர் எப்போது பொறுப்பாளி ஆவார் என்பதற்கு 86-வது பிரிவு சில நிபந்தனைகளைச் சொல்கிறது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த ஷரத்துக்களைத் தள்ளிவிடவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே எறும்பு எழுத்தை நம்பி இங்கேயும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆனால் அந்த 86-வது பிரிவைக் கடைக்காரர் படித்துப் பார்த்தால், அது தமக்கு எதிராக எழுதப்பட்டதல்ல, தாம் என்ன செய்தால் தப்பலாம் என்று வழி காட்டுவது என்பதைக் கண்டுகொள்வார்.

முதலாவது, நாக்கு. தயாரிப்பாளர் கொடுத்த உத்தரவாதத்துக்கு மேலாக விற்கிறவர் தாமாக ஓர் உத்தரவாதம் கொடுத்து, பொருள் அதன்படி இல்லாமற் போனால், விற்றவரே பொறுப்பு. விற்பனை செய்யும் பையன்களை நினைத்தால் எனக்கு ஒரு புறம் பரிதாபமாகவே இருக்கிறது. மாதக் கடைசியில் இத்தனை வண்டி விற்றாகவேண்டும் என்று மேலேயிருந்து நெருக்குகிறார்கள். அதனால், “சார், இடுப்பளவு தண்ணீரில்கூட இது மிதந்துகொண்டு போகும், அம்மா, எந்த மோதல் நடந்தாலும் உள்ளே இருப்பவர் மேல் ஒரு கீறல் விழாது, லிட்டருக்கு முப்பதுக்குக் குறையாது” என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். முன்காலத்தில் இதெல்லாம் காற்றோடு போயிற்று. இப்போதோ அந்தப் பேச்சு கைப்பேசியில் செய்தியாக எழுத்திலேயே போகிறது. தேதியும் மணியும் அதில் தாமாகவே பதிகின்றன. வக்கீலுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? விற்கிற பையனுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்தால் அதில் இரண்டு நாளாவது, எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு ஒதுக்க வேண்டும். கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தயாரிப்பாளரின் கையேட்டைத் திறந்து பக்கத்தைக் காட்டினால் போதும். பரீட்சையில் தெரியாத கேள்விக்குக் கதை எழுதுகிற பையனை எங்கள் தொழிலில் வருஷா வருஷம் பார்க்கிறோம். அங்கே மார்க்கு மட்டும் போகிறது. இங்கே பணமும் மானமும் போகின்றன.

இரண்டாவது, கை. வண்டியைச் சேர்த்து அமைப்பதிலும் சோதிப்பதிலும் பராமரிப்பதிலும் தக்க கவனம் எடுக்காவிட்டாலும், தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கைகளை வாங்குகிறவரிடம் சேர்ப்பிக்காவிட்டாலும், வண்டியை மாற்றி அமைத்து அந்த மாற்றத்தால் தீங்கு நேர்ந்தாலும் விற்றவர் பொறுப்பாளி. மாற்றி அமைப்பதென்றால் என்னவோ பெரிய காரியம் என்று நினைக்க வேண்டாம். வண்டிக்கு முன்னால் கொம்பு மாதிரி ஓர் இரும்புக் கம்பியை மாட்டுவார்கள் அல்லவா? அழகுக்காகவும், லாபத்துக்காகவும் எத்தனையோ கடைகளில் அதைத் தாராளமாக மாட்டிக்கொடுத்தார்கள். நடந்து போகிறவர் மேல் அந்தக் கம்பி இடித்தால் காயம் பலமாகிறது. மோதலின் அதிர்ச்சி வண்டியிலுள்ள உணர்கருவிக்குச் சரியாகப் போய்ச் சேராமல், காற்றுப் பை விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகவும் கூடும். 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார், இது சட்டத்துக்கு விரோதமான மாற்றம், இதன்மேல் நடவடிக்கை எடுங்கள் என்று மாகாண அரசுகளுக்கு எழுதிற்று. அதற்குப் பின்னும் ஒரு கடைக்காரர் அதை மாட்டிக் கொடுத்துப் பில்லும் போட்டுக் கொடுத்தாரானால், தம் மேல் வழக்குத் தொடுப்பவருக்கு வேண்டிய சான்றைத் தாமே கையெழுத்திட்டுக் கொடுத்தவராவார்.

எச்சரிக்கைகளைச் சேர்ப்பிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பான் தேசத்து டகாட்டா கம்பெனி செய்த காற்றுப் பைகளில் வாயுவை உண்டாக்கும் பகுதி சில சமயங்களில் உடைந்து சிதறி, இரும்புத் துண்டுகளை ஓட்டுகிறவர் மேலேயே வீசிற்று. காப்பாற்ற வேண்டிய பொருளே உயிரை வாங்கிற்று. உலகமெங்கும் கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்து அந்தப் பாகத்தை மாற்றவேண்டியதாயிற்று. நமது தேசத்திலும் மாற்றினார்கள். 2017-ல் அந்தக் கம்பெனி திவாலாயிற்று. இம்மாதிரித் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வரும்போது, வாடிக்கைக்காரருக்குத் தகவல் அனுப்பியதற்கான குறிப்பு கடையில் இருக்கவேண்டும். விலாசம் மாறிவிட்டது, போனை எடுக்கவில்லை என்று வாயால் சொல்வதில் பயனில்லை. எந்தத் தேதியில் அனுப்பினோம், என்ன பதில் வந்தது என்பதே பேசும். பழைய வண்டியை வாங்கி விற்கிறவருக்கோ இது இன்னும் அவசியம். வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விசாரித்தால் பாக்கி வேலை இருக்கிறதா என்று கம்பெனியார் சொல்லிவிடுவார்கள். ஐந்து நிமிஷத்து வேலை.

தயாரிப்பாளர் பெரிய கம்பெனி, எப்படியும் அவர் தலையில் போய் விடியும் என்று எண்ணுகிற கடைக்காரர்கள், கோவாவில் எழுந்து 2021-ல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ந்த ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-ல் ஒருவர் அந்த வருஷத்துப் புது வண்டி என்று பணம் கட்டி வாங்கினார். வந்ததோ 2009-ல் செய்த வண்டி. அடிப்பாகம் துருப்பிடித்திருந்தது, அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியும் இருந்தது. கீழ்ப்படியில் கடைக்காரர், தயாரிப்பாளர் இருவர் மேலும் பொறுப்புச் சுமத்தினார்கள். சுப்ரீம் கோர்ட்டோ, கடைக்காரர் தயாரிப்பாளரிடமிருந்து தம் சொந்தப் பொறுப்பில் வாங்கித் தம் சொந்தப் பொறுப்பில் விற்கிறவர், பழைய வண்டியைப் புதிதென்று தள்ளிவிட்டது தயாரிப்பாளருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியம் இல்லை என்று கூறி, தயாரிப்பாளரை விடுவித்துவிட்டது. கடைக்காரர் தனியே நின்றார். கிடங்கில் தங்கிப்போன வண்டியை விற்பது ஒன்றும் குற்றமன்று. ‘இது இந்த மாதம், இந்த வருஷம் செய்தது, இத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அதற்காக விலையில் இவ்வளவு குறைத்திருக்கிறோம்’ என்று ஒரு தாளில் எழுதி, வாங்குகிறவருடைய கையெழுத்தையும் பெற்றிருந்தால் அந்த வழக்குக்கு இடமே இருந்திராது.

இனி, பதிவுக்கு வருவோம். வீட்டுக்காரர்கள் மிகவும் அலட்சியமாக இருக்கிற இடம் இதுதான். ‘நாள் நன்றாயிருக்கிறது, வண்டியை இன்றே கொடுங்கள், நம்பர் பிறகு வரட்டும்’ என்று கடைக்காரரை நாமே நச்சரிக்கிறோம். 2011-ல் ராஜஸ்தானத்தைச் சேர்ந்த ஒருவர் புதிய வண்டி ஒன்றை வாங்கினார். தற்காலிகப் பதிவு ஜூலை 19-ந் தேதியோடு முடிந்தது. அவர் நிரந்தரப் பதிவுக்கு ஏற்பாடு செய்யவில்லை. அதே ஜூலை 28-ந் தேதி இரவு ஜோத்பூரில் ஒரு விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டி களவு போயிற்று. இன்ஷூரன்ஸ் நடப்பில்தான் இருந்தது. பிரீமியமும் கட்டித்தான் இருந்தார். இருந்தும், பதிவு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் கொண்டுபோனது ஒப்பந்தத்தின் ஆணிவேரையே மீறியது என்று சொல்லி, அவருக்கு ஒரு காசும் கிடையாது என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஒன்பது நாள் தாமதம். ஆறு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வண்டி.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தியபோது இந்த ஓட்டையை அடைக்க முயன்றிருக்கிறார்கள். அதே மாகாணத்தில் பதிவாகிற புது வண்டிக்குப் பதிவு விண்ணப்பத்தைக் கடைக்காரரே போடவேண்டும். பதிவெண் பலகை மாட்டப்படும் வரையில் வண்டியை வாங்கினவரிடம் ஒப்படைக்கக் கூடாது. விண்ணப்பம் போடத் தவறும் கடைக்காரருக்கு வருஷாந்தர வரியைப் போல் 15 மடங்கு, அல்லது ஆயுட்கால வரி, இவற்றில் எது அதிகமோ அது அபராதம். ஆகையால், ‘நம்பர் வரட்டும், பிறகு தருகிறேன்’ என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அவர் மேல் கோபிக்க வேண்டாம். அடுத்த முகூர்த்தம் எப்போது என்று பார்த்துக்கொள்வதே உசிதம்.

வாங்குவதற்கு முன்னால் வெள்ளோட்டம் பார்ப்பது இன்னொரு சங்கடம். கோட்டும் சூட்டுமாக வந்து நிற்கும் கனவானிடம் லைசென்ஸைக் காட்டுங்கள் என்று கேட்க, விற்பனைப் பையனுக்கு நாக்கு எழுவதில்லை. அவரோ தம் பிள்ளையைப் பார்த்து, “நீ கொஞ்சம் ஓட்டிப் பாரடா” என்கிறார். பிள்ளைக்கு மீசை அரும்பியிருக்கிறதே தவிர வயது பதினேழு. வண்டி கடையின் வண்டி. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விட்டால், விட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். ஓட்டியவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்று ஏற்பட்டு, குற்றமும் நிகழ்ந்துவிட்டால் வண்டிக்குச் சொந்தக்காரருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று சட்டம் பேசுகிறது. அதே தண்டனை தகப்பனாருக்கும் உண்டு. இது தவிர, லைசென்ஸ் இல்லாதவர் விபத்து உண்டாக்கினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்கு நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிச் சொந்தக்காரரிடமிருந்து வசூல் செய்துகொள்ளலாம் என்பது 2004 முதல் கோர்ட்டுகளில் நிலைபெற்றுவிட்ட வழக்கம்.

இதற்குச் செலவில்லாத பரிகாரம் உண்டு. லைசென்ஸின் படத்தை எடுத்து வைத்துக்கொள்வது. போகிற வழியை முன்பே தீர்மானித்து, பள்ளிக்கூட வாசலும் சந்தையும் இல்லாத சாலையாகத் தேர்ந்தெடுப்பது. முதலில் கடையின் ஆள் ஓட்டிக்காட்டி, பிறகு இடம் மாறி, அவரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், மீட்டர் இவற்றை ஒரு நோட்டில் குறிப்பது. மரியாதைக் குறைவு என்று எண்ணுகிற வாடிக்கைக்காரரிடம், ‘முதலாளி வந்தாலும் இதேதான், சார்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். முதலாளி வந்தபோதும் அப்படியே செய்திருந்தால் அது பொய்யும் ஆகாது.

கடையோடு சேர்ந்த பட்டறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பழுது பார்க்கக் கொடுத்த வண்டி, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். சாமானிய விவேகமுள்ள ஒரு மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பாதுகாப்பானோ அவ்விதம் அதைப் பாதுகாக்க வேண்டும் என்று 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே சொல்லியிருக்கிறது. ‘வண்டி சொந்தக்காரருடைய பொறுப்பில்’ என்று சுவரில் எழுதி வைத்தால் போதாதா? டில்லியில் ஒரு பெரிய ஹோட்டல் அப்படித்தான் சீட்டில் அச்சடித்துக் கொடுத்திருந்தது. 1998-ல் விருந்தாளி ஒருவர் ஹோட்டல் சிப்பந்தியிடம் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன வண்டி களவு போயிற்று. 2019-ல் சுப்ரீம் கோர்ட், சாவியை வாங்கிக்கொண்டவர் தம் கவனக் குறைவை அந்த ஒரு வரியால் மூடி மறைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. சாவி மாட்டும் பலகைக்குக் கதவும் பூட்டும் இருக்கட்டும். லைசென்ஸ் உள்ளவர் மாத்திரமே வண்டியை அசைக்கட்டும். வண்டி உள்ளே வரும்போதே எங்கே கீறல், எங்கே நசுங்கல் என்பதைச் சொந்தக்காரர் முன்னிலையில் ஜாப் கார்டில் எழுதிவிடட்டும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு, ஒரு பூட்டும் ஒரு பேனாவும்.

இவையெல்லாம் ஒரு புறமிருக்க, பெரிய கண்டம் இருப்பது பழைய வண்டி வியாபாரத்தில்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் வேறு ஊருக்குப் போய்விட்டாலும், மாற்றுச் சான்றிதழ் கொடுத்துப் பதிவேட்டில் பெயரை அடிக்கிற வரையில் அவன் எங்கள் பையன்தான். அவனைப் பற்றி யார் கேட்டாலும் நாங்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும். மோட்டார் வண்டியும் அப்படியே. 2009-ல் வட தேசத்தில் ஒரு கார் பின்னோக்கி வந்து மோதியதில் ஒருவர் இறந்தார், ஒரு பெண்மணி காயமடைந்தார். பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவர் 2007-லேயே அந்த வண்டியை விற்றுவிட்டவர். வாங்கினவர் இன்னொருவருக்கு விற்க, அவர் வேறொருவருக்கு விற்க, இப்படிப் பல கை மாறியிருந்தது. ஒருவராவது பெயரை மாற்றவில்லை. வழக்கு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர். அடிபட்டவர்கள் கை மாறிய ஒவ்வொருவரையும் தேடிக்கொண்டு அலைய முடியாது. ஆகவே முதலில் விற்றவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ந்தது. அந்த மனிதர் வண்டியைக் கண்ணால் பார்த்தே இரண்டு வருஷம் ஆகியிருக்கும்!

அடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் இந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறதென்றே என் அபிப்பிராயம். ஆனால் பழைய வண்டியைக் கடையில் கொடுத்துவிட்டுப் புது வண்டி வாங்குகிற வழக்கம் பெருகிவிட்ட இக்காலத்தில், இதன் பளு எவர் மேல் விழுகிறது என்று யோசியுங்கள். கடைக்காரர் வண்டியை வாங்கித் தம் பெயருக்கு மாற்றாமல், விற்றவரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மாத்திரம் வாங்கி வைத்துக்கொள்வார். நல்ல கிராக்கி வந்த பிறகு அவர் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்பது எண்ணம். அது மூன்று மாதமும் ஆகலாம், ஒன்பது மாதமும் ஆகலாம். அந்த இடைக் காலத்தில் வண்டி எங்கே போகிறது, யாரை ஏற்றிக்கொண்டு போகிறது என்பது ஈசுவரனுக்கே வெளிச்சம். சம்மன் மட்டும் பழைய சொந்தக்காரர் வீட்டுக்குத் தவறாமல் வந்துவிடும். கடைக்காரரும் தப்பினார் என்று எண்ண வேண்டாம். பழைய சொந்தக்காரர் தம் பங்குக்குக் கடைக்காரர் மேல் வழக்குப் போடுவார். ஊரில் பெயரும் கெடும்.

இந்த இடைவெளியை அடைப்பதற்காகவே 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் புதிய விதிகளை வெளியிட்டது. 2023 ஏப்ரல் 1-ந் தேதி அவை அமலுக்கு வந்தன. பழைய வண்டி வியாபாரி அதற்கென்று அதிகாரச் சான்று பெற வேண்டும். வண்டி தம் கைக்கு வந்ததும் அதைப் பதிவதிகாரிக்கு மின்னணு முறையில் அறிவிக்க வேண்டும். அறிவித்தபின், விற்கிற வரையில் கடைக்காரரே சொந்தக்காரராகக் கருதப்படுவார். வாங்க வருபவருக்கு ஓட்டிக் காட்டவும், பழுது பார்க்கவும், வர்ணம் அடிக்கவும், பரிசோதனைக்குக் கொண்டுபோகவும் மட்டுமே வண்டியை வெளியே எடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் எதற்காக எடுத்தோம், யார் ஓட்டினார், எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்று கணக்கு வைக்கவேண்டும். சில வியாபாரிகள் இதைத் தங்கள் தலையில் ஏற்றிய புதுச் சுமையென்று முணுமுணுக்கிறார்கள். ஆனால் பதிலுக்குக் கிடைத்ததை அவர்கள் பார்ப்பதில்லை. பெயர் மாற்றம், பதிவுப் புதுப்பிப்பு, தகுதிச் சான்று ஆகியவற்றுக்கு அந்த வியாபாரியே விண்ணப்பம் செய்யும் உரிமையை அதே விதிகள் கொடுத்திருக்கின்றன. பழைய சொந்தக்காரரைத் தேடிப் பெங்களூருக்கும் பம்பாய்க்கும் ஆள் அனுப்பிய காலம் இதனால் முடிகிறது.

பழைய வண்டியை வாங்குகிறவருக்கும் கடைக்காரர் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் வண்டியோடு தானாகவே போய்விடும். ஆனால் வண்டிக்கே சேதம் வந்தால் கிடைக்கும் இன்ஷூரன்ஸ் அப்படித் தானாகப் போகாது என்று 1996-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பாலிஸி பெயர் மாறாமல் வண்டி மட்டும் கை மாறி, முதல் மழையில் மரம் விழுந்தால், வாங்கினவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியை அல்ல, கடைக்காரரைத்தான் முதலில் வந்து பிடிப்பார்.

மழை என்றதும் 2015 டிசம்பர் ஞாபகம் வருகிறது. சென்னையில் அடையாற்றங்கரைத் தெருக்களிலெல்லாம் மோட்டார்கள் கூரை மட்டும் தெரியும்படி மூழ்கிக் கிடந்ததைப் படங்களில் பார்த்தோம். முழு நஷ்டம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒதுக்கிய வண்டி உடைசலாக ஏலத்துக்குப் போகிறது. அப்படிப் போனதைத் துடைத்துக் காயவைத்து, வாசனை தெளித்து, வெள்ளம் கண்டறியாத ஊருக்குக் கொண்டுபோய் விற்பவர்களும் உண்டு. வெளியே பளபளப்பு, உள்ளே மின்சாரக் கம்பிகளின் இணைப்பெல்லாம் பச்சை பூத்திருக்கும். ஆறு மாதம் ஓடி, ஒரு நாள் நடுச்சாலையில் எல்லாம் ஒருங்கே நின்றுவிடும். நாணயமான வியாபாரி இப்படிப்பட்ட வண்டி தம்மிடம் வந்தால் கண்டுகொள்ளும் வழி கடினமன்று. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். தரை விரிப்பைத் தூக்கினால் வண்டல் தெரியும். பின்புறம் உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் மணல் தங்கியிருக்கும். கண்டபின் அதை வாங்காமலிருக்கலாம். வாங்கினால், விற்பனைத் தாளில் முதல் வரியிலேயே, எல்லா எழுத்தும் எந்த அளவோ அதே அளவில், ‘வெள்ளத்தில் மூழ்கிய வண்டி’ என்று எழுதிவிட வேண்டும். விலை குறையும். தெரிந்தே மறைத்தார் என்று பிற்பாடு எவரும் சொல்லவும் முடியாது.

வீட்டில் பழைய வண்டியைக் கொடுக்கப்போகும் நேயர்கள், கடைக்குப் போகும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: கடையின் அதிகாரச் சான்றின் எண், வண்டி அவர்களிடம் வந்துவிட்டது என்று பதிவதிகாரிக்கு அனுப்பிய அறிவிப்பின் நகல், ஒப்படைத்ததற்கு ரசீது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், தேதியையும் கடைக்காரர் பெயரையும் நீங்களே நிரப்பிய பிறகு போடுங்கள். பிறகு இரண்டு வாரம் கழித்து, வண்டி எண்ணைக் கொடுத்துப் பதிவேட்டில் யார் பெயர் நிற்கிறது என்று ஒரு தரம் பாருங்கள், வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். ரசீதில் தேதியோடு மணியையும் குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேருமுன் அந்த வண்டி எந்தத் தெருவில், யார் கையில் ஓடிக்கொண்டிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது.